குற்றம் தேரும் செவி

(பிள்ளைச்சாவடியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சங்கீதத்தைப் பற்றி எப்பொருளில் வேண்டுமானாலும் பேசலாம் என்று உரிமை கொடுத்து என்னை அழைத்தவர்கள், இரைச்சலையே இசையாகக் கொண்டு வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுகளைக் கேட்ட அனுபவத்தைச் சொல்லப் போகிறேன் என்று நான் எழுதியனுப்பியபோது, கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற வழியின்றித் தவித்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன். முத்துத்தாண்டவரையும் தியாகராஜரையும் விட்டுவிட்டு, எங்கோ தோக்கியோவில் ஒருவர் பழைய இரும்பையும் மின்பெருக்கியையும் மோதவிட்டு எழுப்பிய ஓலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்கு அறக்கட்டளையின் பணம் செலவாக வேண்டுமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அக்கேள்விக்கு விடை சொல்லத் தோக்கியோவிலிருந்து தொடங்காமல் திருத்தக்கதேவரிடமிருந்து தொடங்குகிறேன்.

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், யாழ்ப்போருக்கென வந்து அமர்ந்த சீவகனிடம் காந்தருவதத்தையின் தோழியான வீணாபதி யாழ்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்ட, அவன் அவற்றை ஆராய்ந்து, இது நீரிலே நின்ற மரம், இது அழுகிய மரம், இது தீயில் வெந்த மரம், இது இடியேறுண்ட மரம் என்று சொல்லிச் சொல்லி விலக்கிவிடுகிறான். அதனோடும் அமையாமல், நரம்பின் முறுக்கினுள்ளே மறைந்து கிடந்த மயிரையும் எடுத்து அவையோருக்குக் காட்டுகிறான். காவிய நாயகனின் சாமர்த்தியத்தை மிகைப்படுத்தும் உத்தி என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அத்துணிவு இல்லை. ஏனெனில் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி யாழை எடுத்து அமைக்கும் இடத்திலும் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்னும் நான்கு குற்றங்கள் பெயர் சொல்லி விலக்கப்படுகின்றன. உரையாசிரியர்களோ, இன்பமின்றி இசைப்பது ஒன்று, அளவிறந்து ஓங்கி ஒலிப்பது ஒன்று, மழுங்கி அடங்குவது ஒன்று, சிதறித் தெறிப்பது ஒன்று என்று அவற்றைப் பிரித்துக் காட்டி, அவை மரத்திலுள்ள பழுதுகளினின்றே பிறக்கின்றன என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்நான்கும் விலக்கத் தக்கவை என்றே நம் முன்னோர் கருதினர், அதில் ஐயமில்லை. ஆயினும் விலக்குவதற்கு முன்னே அவற்றை எத்துணை உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். இனிய சுரத்தைக் கேட்கையில் நாம் மரத்தை மறந்து விடுகிறோம், நரம்பை மறந்து விடுகிறோம், விரலையும் மறந்து ராகத்திலே லயித்து விடுகிறோம். அந்த மறதிக்குத்தான் நாம் ரசனை என்று பெயர் கொடுத்திருக்கிறோம். பிழைபட்ட ஒலியோ தான் பிறந்த இடத்தை மறைக்க அறியாது. நீரிலே ஊறியதையும், நெருப்பிலே வெந்ததையும், இடி விழுந்த அந்த ஒரு கணத்தையும் அது சொல்லியே தீரும். ஆகவே இரைச்சல் பதிவுகளைக் கேட்க வேண்டியது யாழைப் பொறுக்குகிறவனுடைய செவியைக் கொண்டு என்பதே இன்று நான் சொல்ல வந்தது. பந்தலில் உட்கார்ந்து தலையாட்டுகிற செவிக்கு அங்கே வேலை இல்லை.

குற்றம் என்று விலக்கியதை நாம் முற்றிலும் விலக்கிவிடவும் இல்லை. தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியிலே, ஒரு துண்டு நூலை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, தந்தி குதிரையின் வளைந்த முதுகைத் தொட்டும் தொடாமலும் கிறீச்சிடுமாறு செய்கிறோமே, அந்த நூலை எடுத்துவிட்டால் தம்புரா செத்த மரமாகிவிடும். சர் சி. வி. இராமன் 1920களின் தொடக்கத்தில் நம்முடைய தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து, மேல்நாட்டு விதிப்படி எழக்கூடாத உபசுரங்களெல்லாம் இந்தக் குதிரையின் அமைப்பால் எழுகின்றன என்று காட்டினார். அதிர்வு என்னும் குற்றத்தைச் சிறிதே, வேண்டிய அளவுக்கு, நூலால் அளந்து உள்ளே விட்டிருக்கிறார்கள் நம் கருவி வல்லுநர்கள்; அதற்கு ஜீவா என்று பெயரிட்டு வணங்கவும் செய்கிறோம்.

இனி, பதிவுகளுக்கு வருவோம். இத்தாலிய ஓவியர் லூயிஜி ரூஸ்ஸொலோ 1913 மார்ச்சில் இரைச்சல்களின் கலை என்று ஓர் அறிக்கை எழுதி, பெட்டி பெட்டியாக உறுமல் கருவிகள் செய்ததை வரலாற்றாசிரியர்கள் தொடக்கமாகக் கொள்வர். அறிக்கையில் இருந்த ஆவேசம் கருவிகளில் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு மெய்யான தொடக்கமாகப் படுவது 1948ஆம் ஆண்டு. நாம் கூடியிருக்கும் இப்புதுவை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியின் தலைநகரான பாரிஸில், வானொலி நிலையத்தில் பணியாற்றிய பியேர் ஷெஃபெர் என்பவர், இங்குள்ள மாணவர்களைப் போலவே பொறியியல் பயின்றவர், பத்திஞ்ஞோல் நிலையத்துக்குச் சென்று நீராவி எஞ்சின்களின் ஊதலையும் சக்கர ஓசையையும் தட்டுகளில் பதிந்துவந்து, மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஓர் இரயில் பயிற்சியை ஆக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் வேறு நான்கு பயிற்சிகளோடு அது ஒலிபரப்பாயிற்று. அக்காலத்தில் அவரிடம் ஒலிநாடா இல்லை, எல்லாம் தட்டுகளே. தட்டின் பள்ளம் உட்புறமாகச் சுருண்டு போவதற்குப் பதிலாகத் தன் தொடக்கத்திலேயே வந்து மூடிக்கொள்ளுமாறு வெட்டிவிட்டால், ஊசியை எடுக்கும் வரைக்கும் அது அதே துண்டு ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த மூடிய பள்ளமே அவருடைய கருவி.

(இவ்விடத்தில் அப்பதிவின் முற்பகுதி ஒலிக்கச் செய்யப்பட்டது.)

நீங்கள் இப்போது கேட்டதில் முதலில் என்ன செய்தீர்கள்? இது எஞ்சின், இது ஊதல், இது தண்டவாளத்தின் இணைப்பு என்று அடையாளம் கண்டீர்கள். 1879இலேயே இரயிலைக் கண்டுவிட்ட புதுவையில் பிறந்த முதியோர்க்குப் பழைய நிலையத்தின் நிலக்கரி வாடையும் உடன் வந்திருக்கும். அதே துண்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரும்போது எஞ்சின் மெல்ல மறைகிறது. நான்காம் முறை தாளம் ஒன்றே மிஞ்சுகிறது. தாளம் பிடிபட்டது என்று மனம் அமரும் அக்கணத்தில் ஷெஃபெர் அதை வெட்டிவிட்டு வேறோர் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பொருளைக் கேட்பதற்கும் ஒலியைக் கேட்பதற்கும் நடுவே செவி ஊசலாடும் அந்த ஊசலாட்டத்தையே அவர் கருப்பொருளாகக் கொண்டார். அதற்குப் பின் வந்த இரைச்சல் பதிவுகள் பல, அந்த ஊசலாட்டத்தை இழந்து ஒரே பக்கமாய்ச் சாய்ந்து போனமையால்தான் சலிப்பூட்டுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள், நம் தேசத்துக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களாயின், 1946ஆம் ஆண்டில் அகமதாபாத்திலிருந்து நியூயார்க்குக்குச் சென்ற ஒரு பெண்மணியைச் சுட்டுவேன். பக்கவாஜ் பயின்றவரும் விக்கிரம் சாராபாயின் சகோதரியுமான கீதா சாராபாய், மேல்நாட்டு இசை நம் இசையை என்ன செய்யப்போகிறது என்ற கவலையோடு அங்கே சென்று, ஜான் கேஜ் என்னும் இளம் இசையமைப்பாளரைச் சந்தித்தார். அவர் இவருக்கு மேல்நாட்டு இசையிலக்கணம் கற்பிக்க, இவர் அவருக்கு நம் சங்கீதத்தைக் கற்பிக்க, கட்டணம் ஏதுமின்றி ஒரு பண்டமாற்று நடந்தது. இசையின் பயன் மனத்தை அடக்கித் தெளிவித்துத் தெய்வ அருளுக்கு உரியதாக்குவது என்று தம் குரு சொன்னதை இவர் சொல்ல, கேஜ் அதை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். விடைபெறும்போது இவர் கொடுத்த ஸ்ரீராமகிருஷ்ணரின் உபதேச நூலையும் போற்றிப் படித்தார். அதே கேஜ் எழுதிய, கலைஞர் ஒரு சுரமும் வாசிக்காமல் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி அமர்ந்திருக்கும் உருப்படியை, 1952 ஆகஸ்டு 29ஆம் நாள் அமெரிக்காவில் ஊட்ஸ்டாக் என்னும் ஊரில் முதன்முதலாக மேடையேற்றிய பியானோக் கலைஞர் டேவிட் டியூடர்.

அந்த டியூடர்தான் 1969இல் அகமதாபாத்துக்கு வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவி, நம் நாட்டின் முதல் மின்னிசைக் கூடத்தைத் தொடங்கிவைத்தார். கீதாவின் உடன்பிறந்தாரான கௌதமும் கீராவும் அந்நிறுவனத்தை 1961இல் தோற்றுவித்தவர்கள். மனிதன் நிலவில் கால் வைத்ததும், விக்கிரம் சாராபாயின் முயற்சியால் ஆகஸ்டு 15இல் இஸ்ரோ பிறந்ததும் அதே ஆண்டிலேயே ஆகலின், கூடத்தில் பழகிய மாணவரான ஜின்ராஜ் ஜோஷிபுரா தம் பதிவுக்கு 2001ஆம் ஆண்டின் விண்கப்பல் என்ற பொருளில் பெயரிட்டதில் வியப்பில்லை. அவரோடு ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, அதுல் தேசாய், கீதா சாராபாய் ஆகியோரும் 1972 வரை அங்கே பதிவுகள் செய்தனர். பிறகு கூடம் ஓய்ந்தது. நாடாச் சுருள்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. இலண்டனைச் சேர்ந்த கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்து, 2023இல் ஒரு தொகுப்பாக வெளிவரச் செய்தார். அரை நூற்றாண்டுக் காலம் இந்திய மின்னிசையின் வரலாறு இவர்களை அறியாமலே எழுதப்பட்டு வந்திருக்கிறது.

அத்தொகுப்பில் டியூடர் செய்த நாடாப் பின்னூட்டப் பதிவுகள் நம் தலைப்புக்கு மிக நெருங்கியவை. ஒலிநாடாக் கருவியில் பதியும் தலை ஒன்றும், அதை அடுத்து ஒலிக்கும் தலை ஒன்றும் இருக்கும். நாடா முதல் தலையைக் கடந்து இரண்டாம் தலைக்கு வரச் சிறிது நேரம் ஆகும். தலைகளுக்கிடையே 5 சென்டிமீட்டர் தூரமும், நாடாவின் வேகம் வினாடிக்கு 19 சென்டிமீட்டருமாக இருந்தால், அந்த இடைவெளி ஏறத்தாழக் கால் வினாடி. இரண்டாம் தலையில் ஒலிப்பதை எடுத்து மீண்டும் முதல் தலைக்கே ஊட்டினால், கால் வினாடிக்கு ஒரு முறை எதிரொலி எழும். ஊட்டும் அளவைக் குறைத்தால் அது தேய்ந்து மறையும், கூட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, மூல ஒலி எதுவென்றே தெரியாதபடி ஓலமாகிவிடும். தேய்வுக்கும் ஓலத்துக்கும் நடுவேயுள்ள மயிரிழை போன்ற எல்லையில் விரலை வைத்து நிற்பதே அவருடைய வித்தை. அப்பதிவைக் கேட்கையில், ஒலி பெருகி வரும்போது இதோ கட்டவிழ்ந்துவிடப் போகிறது என்று நெஞ்சு பதைக்கிறது, அவிழ்வதில்லை. உள்ளே காந்தப் பொடி பூசிய நாடா ஓடிக்கொண்டிருப்பதும், ஒவ்வொரு சுற்றிலும் சற்றே அழுக்கேறி, சற்றே தடித்து வருவதும் செவிக்குத் தெளிவாகத் தெரிகின்றன. சீவகன் இதைக் கேட்டிருந்தால், இது தன் ஒலியைத் தானே தின்ற நாடா என்று சொல்லி விலக்கியிருப்பான்!

மற்றவர்களின் பதிவுகள் இத்துணைக் கடுமை உடையவை அல்ல. சர்மாவின் நடன இசை, விடாத ஒரு துடிப்பின்மேல் ஓடுவது. பின்னாளில் உலகெங்கும் நடனக் கூடங்களில் ஒலித்த மின்தாளத்தை அது முன்கூட்டியே நினைவூட்டுகிறது. மாத்தூரின் பதிவுகளில் ஒன்று பறவைகளைப் பற்றியது; மற்றொன்றின் தலைப்பு முன்னொரு காலத்தில் தாம் தம்புரா வாசித்ததைச் சொல்கிறது. இலக்கணம் அறிந்த கைகள் இலக்கணமில்லாத ஒரு பொறியின் முன்னே தயங்கி நிற்கும் நிலை அவற்றில் கேட்கிறது. அத்தயக்கம்தான் என்னைக் கவர்ந்தது. திறமை பின்னர் யாருக்கும் வந்துவிடும், முதல் தயக்கம் ஒருமுறைதான் வரும்.

நம் புதுவைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னை ஆர்கனில் முன்னேற்பாடின்றி வாசித்தவை பதிவாகியிருக்கின்றன. அவர் விருப்பப்படி, ஆசிரமப் பள்ளியில் ஆசிரியராக இருந்த சுனில் பட்டாசார்யா 1960களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் புத்தாண்டு இசை அமைத்து வந்தார். மின்னார்கனையும் நம் வாத்தியங்களையும் மனிதக் குரலையும் பல அடுக்காக நாடாவில் சேர்த்து அவர் அமைத்தவை கடுமையான இரைச்சலுக்கு நேர் எதிரானவை. ஆயினும் எந்தக் கச்சேரி சம்பிரதாயத்திலும் அடங்காமல், பதிவுக் கூடத்திலேயே பிறந்த இசை என்ற வகையில், அகமதாபாத்தின் சமகாலத்து உறவினர் என்றே அவரைக் கொள்ள வேண்டும். இவ்விரண்டு முயற்சிகளையும் ஒருசேர வைத்து யாரேனும் ஓர் இளைஞர் ஆய்வு செய்யலாம்.

இப்போது கடுமையின் எல்லைக்குப் போவோம். 1975இல் அமெரிக்கப் பாடகர் லூ ரீட், கித்தார்களை மின்பெருக்கிகளின் எதிரே சாய்த்து வைத்து அவை தாமே ஊளையிடுமாறு விட்டு, அந்த ஊளையை வேகம் மாற்றி அடுக்கி, இரண்டு தட்டுகளாக வெளியிட்டார். தட்டின் நான்கு பக்கங்களுக்கும் 16 நிமிடம் 1 வினாடி என்றே போட்டிருந்தார்கள். நான்காம் பக்கத்தின் கடைசிப் பள்ளமோ ஷெஃபெர் வெட்டியது போன்ற மூடிய பள்ளம், ஊசியை எடுத்தாலொழிய முடியாது. பாட்டு எதிர்பார்த்து வாங்கியவர்கள் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சில வாரங்களில் வெளியிட்ட நிறுவனமே அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், பெர்லினில் ஸைட்கிராட்ஸர் என்னும் குழுவினர் அதைச் சுரப்படுத்தி, வயலினும் அக்கார்டியனும் கொண்டு மேடையில் வாசித்துக் காட்டினர். இரைச்சல் என்று தூக்கியெறியப்பட்டது எழுத்தில் ஏறியது!

அதைக் கேட்கத் தொடங்கியவுடன் தமிழன் ஒருவனுக்குத் தோன்றுவது மைக்செட். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, அடித்தொனிகளையெல்லாம் விழுங்கிவிட்டு நடுத்தொனியை மட்டும் தகரமாக்கித் துப்ப, எல். ஆர். ஈஸ்வரியின் குரலைச் சொற்களால் அறியாமல் அந்தத் தகரத்தின் கிழிசலாலேயே அறிந்து வளர்ந்தவர்கள் நாம். மைக்கைக் குழாயின் எதிரே தெரியாமல் நீட்டிவிட்டால் எழும் அலறலுக்கு, காதைப் பொத்திக்கொண்டு மைக்செட்காரரைத் திட்டுவோம். லூ ரீட் செய்தது அந்த அலறலை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்ததே. முதல் சில நிமிடங்கள் துன்பமே. பிறகு, வலக்காதுக்கும் இடக்காதுக்கும் வருவன ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்பது புலப்படுகிறது. அதன் பிறகு, மேலே மிக உயரத்தில், சிறு சிறு சுரக்கோவைகள் சில்லென்று தோன்றித் தோன்றி மறைவது கேட்கத் தொடங்குகிறது. அவற்றை யாரும் வாசிக்கவில்லை. தந்தியும் காந்தமும் ஒலிபெருக்கியும் தமக்குள்ளே பேசிக்கொண்டதன் விளைவு அவை.

மெர்ஸ்போ என்னும் பெயரில் 1979 முதல் பதிவு செய்துவரும் தோக்கியோவின் மசாமி அகிதா இத்துறையின் தலையாய பெயர். ஐம்பது குறுந்தட்டுகள் கொண்ட ஒரு பேழையை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவர். அளவின்மையே ஒரு கொள்கையாகிவிட்ட கலைஞர். 1996இல் வந்த பல்ஸ் டீமன் அவருடைய பதிவுகளில் பலரும் முதலிற் கேட்பது. அதில் ஒலி தொடங்குவதில்லை. முன்பே நடந்துகொண்டிருந்ததன் கதவைத் திறந்தாற்போல் முழு வேகத்தோடு வந்து விழுகிறது. ஆர்ப்பும் அதிர்வும் செம்பகையும் ஒருங்கே உள்ள ஒலி என்று நம் உரையாசிரியர் வகுத்திருப்பர். ஆனால் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு உற்றுக் கேட்டால், ஓரிரு வினாடிக்கு ஒரு முறை ஏதோ ஒன்று முறிகிறது, ஒன்று வழிவிடுகிறது, கீழேயிருந்து ஒரு முழக்கம் எழுந்து மேலிருக்கும் சீறலை வெட்டுகிறது. கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருப்பதை உணர முடிகிறது. வேலை செய்யும் கை தெரிகிற வரைக்கும் நான் அதைக் கலை என்று ஒப்புக்கொள்ளத் தயார். அவரைப் பின்பற்றி எழுந்த பலரிடம் அந்தக் கை இல்லை. குமிழைத் திருகி முழு அளவில் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றுவிட்டார்களோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

பிரான்ஸில் வோமீர் என்னும் பெயரில் ரோமாங் பெரோ செய்கிற இரைச்சல் சுவர் இதற்கு மறுதலையானது. அங்கே வேண்டுமென்றே எதுவும் மாறுவதில்லை. தொடங்கிய சீறல் தொடங்கியவாறே இருந்து முடிகிறது. ஒலி மாறாதபோது கேட்பவனின் செவி மாறுகிறது என்பதை ஒருமுறை அறிவதற்கு அது உதவும்; பலமுறை அறிய வேண்டிய உண்மையாக எனக்குப் படவில்லை.

சுவர் என்றதும் நம் கலியாணங்கள் நினைவுக்கு வருகின்றன. மாங்கல்யதாரணத்தின்போது ஒருவர் விரலை உயர்த்திக் கெட்டிமேளம் என்று குரல் கொடுக்க, அதுவரை ராகத்தில் நடந்துகொண்டிருந்த நாயனமும் தவிலும் ராகத்தையும் தாளக்கணக்கையும் உதறிவிட்டு ஒரே முழக்கமாக எழுகின்றனவே, அது எதற்கு? தும்மலோ, அழுகுரலோ, அமங்கலச் சொல்லோ அந்தக் கணத்தில் யார் செவியிலும் விழக்கூடாது என்பதற்கு. ஒலியைக் கொண்டு ஒலியை மறைப்பதற்கு ஒலியியலார் இன்று சூத்திரங்கள் எழுதுகின்றனர்; நம் பெரிய மேளத்தார் அதைக் கையால் அறிந்திருந்தனர். தவிலின் வலந்தலையைக் கூடு போட்ட விரல்கள் அடிக்கின்றன. தொப்பியைப் பூவரசங்கழி அடிக்கிறது. விரலின் சதை படாத அந்த வறண்ட தெறிப்பு, நடுத்தொனியிலிருந்து மேலே முழு வெளியையும் நிரப்பிவிடுகிறது. மிருதங்கத்தின் கரணை சுரத்துக்காகவே இழைத்து அமைக்கப்பட்டது. தவிலின் வலந்தலை அந்த நோன்பை மேற்கொள்ளவில்லை. மங்கல முழக்கத்துக்குத் தவிலையே தேர்ந்தவர்களின் செவியறிவை என்னென்பது! கெட்டிமேளம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து மீண்டும் ராகம் வந்துவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரைச்சலுக்கு ஓர் அளவும் ஒரு காரியமும் கொடுத்த சமூகம் இது. காரியத்தை நீக்கிவிட்டு இரைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டு. இழப்பு உண்டு, தனித்து நிறுத்தியமையால்தான் அதை உள்ளே நுழைந்து கேட்க முடிந்தது என்பதும் உண்மை.

உள்ளே நுழைந்து கேட்டால் என்ன இருக்கிறது என்பதற்கு இவ்வூர்க் கடலையே சான்றாகக் காட்டலாம். ஒழுங்கான அதிர்வு இசை, ஒழுங்கற்ற அதிர்வு இரைச்சல் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் பிரித்து வைத்தார். ஆனால் 1933இல் மார்செல் மின்னார்ட் என்னும், பெல்ஜியத்தில் பிறந்த அறிஞர், நீரில் அடைபடும் காற்றுக் குமிழி ஒவ்வொன்றும் தன் பருமனுக்கேற்ற ஒரு தனிச் சுருதியில் ஒலிக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்குச் சுமார் மூவாயிரம் முறை அதிரும், மூன்று மில்லிமீட்டர் ஆரமுள்ளது சுமார் ஆயிரம் முறை. ஆக, அலை உடைந்து நுரைக்கும்போது நாம் கேட்கிற சீறல், எண்ணற்ற குமிழிகள் ஒவ்வொன்றும் தன் சுருதியைச் சொல்லிவிட்டு மடிவதன் தொகுப்பு. இரைச்சலின் உள்ளே இருப்பது சுரமே. கணக்கில் அடங்காத சுரம்.

பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் நிற்பவர்க்கு வேறொன்றும் கேட்கும். 1980களில் புதுவைத் துறைமுகத்துக்குக் கடலினுள் கல்சுவர் நீட்டியதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே ஆண்டில் பெரும்பகுதி நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தடைபட, வடக்கேயுள்ள கரைகள் தேய்ந்துவருவதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டிய இடத்தில் அலை வந்து மோதும்போது, முதலில் ஒரு மழுங்கிய அடி. உடனே இடுக்குகளில் புகுந்த நீர் காற்றை அமுக்கி எழுப்பும் மிடறு மிடறான ஒலி. பிறகு பாறைக்குப் பாறை வெவ்வேறு கணத்தில் வழியும் நீர்த்தாரை. மணல் எஞ்சிய இடத்திலோ அலை சரிந்து, அகன்று, மணலைச் சலித்துக்கொண்டு நீண்ட நேரம் பின்வாங்கும். கண்ணை மூடிக்கொண்டே, எங்கே மணல் முடிந்து எங்கே கல் தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். இவ்வூர்க் கட்டுமரத்தில் முதிர்ந்தவர்கள் கரையின் ஓசையிலேயே நீரோட்டத்தை அறிவார்கள் என்றால், அவர்களும் குற்றம் தேரும் செவி உடையவர்களே. கரைக்கு நேர்ந்ததை அந்த ஒலி மறைக்கவில்லை. இடியேறுண்ட மரத்தைப் போலவே அதுவும் தன் கதையைச் சொல்கிறது.

இரைச்சல் பதிவுகளைக் கேட்கப் புகும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவற்றை உரக்க வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று அக்கலைஞர்களில் பலர் வற்புறுத்துவர். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 85 டெசிபல் அளவில் எட்டு மணி நேரம் தாங்கும் செவி, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் பாதிப் பாதியாகத் தன் பொறுமையைக் குறைத்துக்கொண்டு, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது தொழிலக மருத்துவத்தின் கணக்கு. உட்செவியின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தாழ்ந்த ஒலியில், நல்ல ஒலிபெருக்கியில், இருபது நிமிடம் கேளுங்கள். பிறகு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். இப்பதிவுகளில் எனக்குப் பிடித்தவை டியூடரின் அகமதாபாத் பதிவும், ஷெஃபெரின் இரயிலும், லூ ரீடின் முதற் பக்கமும், அகிதாவில் சிலவும். மற்றவை அளவுக்கு மிஞ்சிப் புகழப்பட்டவை என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

கடைசியாக, புதுவை வாழ் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். அகமதாபாத்தின் நாடாக்கள் ஒரு காப்பகத்தில் இருந்தமையால் பிழைத்தன. இங்கே வீட்டுப் பரண்களிலும், கோயில் நிர்வாகிகளின் அலமாரிகளிலும், பழைய மைக்செட்காரர்களின் பெட்டிகளிலும் நாடாச் சுருள்களும் கேசட்டுகளும் இன்னும் இருக்கின்றன: திருவிழா மேளம், நாடகம், மேடைப் பேச்சு, கலியாணப் பதிவு, யாரோ ஒரு பையன் விளையாட்டாகப் பதிந்த தெருவோசை. உப்புக்காற்றில் அவற்றின் பூச்சு பிசுபிசுத்து உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. அவற்றை ஓட்டும் கருவிகளோ செய்வாரின்றி மறைந்துகொண்டிருக்கின்றன. பொறியியல் பயிலும் மாணவர்கள் இவ்வூரிலேயே இருக்கிறார்கள். பழைய கருவியைச் செப்பனிட்டு அவற்றைக் கணினிக்கு மாற்றித் தருவது அவர்களால் ஆகும் காரியம். மாற்றும்போது, இரைச்சலைத் துடைத்துச் சுத்தம் செய்கிறோம் என்று மென்பொருளை அவசரப்பட்டு ஏவிவிடாதீர்கள். துடைத்த படி ஒன்றை வீட்டாருக்குக் கொடுங்கள். துடைக்காத படி ஒன்றை, நாடாவின் சீறலும் ஒலிபெருக்கியின் கிழிசலும் பின்னே கேட்கும் கடலும் உள்ளபடியே, தேதியும் இடமும் எழுதி நூலகத்தில் வையுங்கள்.